உப்புக் காற்றுக்கு எந்தச் சுவிட்ச்: பாவித்த 2960-எக்ஸா, புதுப்பெட்டியா?

திருகோணமலை நிலாவெளி வீதியில் 40 அறைகள் உள்ள ஹோட்டல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வைஃபை அக்சஸ் பொயின்ட் 16, கமரா 24, ஐபி தொலைபேசி 8, அலுவலகக் கணினிகளும் பில் அடிக்கும் மெஷின்களுமாக ஒரு பத்து. இத்தனையையும் கேபிளால் ஒரே வலையாகக் கட்டும் பெட்டிதான் நெட்வேர்க் சுவிட்ச். கொழும்பிலிருந்து இரண்டு விலைப்பட்டியல் வந்து மேசையில் கிடக்கிறது. ஒன்றில் பாவித்த சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960-எக்ஸ். மற்றதில் புதிய கேட்டலிஸ்ட் 9200எல். அது கட்டாது என்றால் வேறு தயாரிப்பாளர்களின் புதிய மைக்ரோட்டிக்கோ அரூபாவோ. புதிய 9200எல் ஒன்றுக்குக் கொடுக்கிற காசில் பாவித்த 2960-எக்ஸ் பல வாங்கலாம். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தொட்டதும், 2024 ஜனவரியில் வற் 18 சதவீதமானதும் புதுப்பெட்டியின் விலையைத்தான் அதிகம் தூக்கின.

முதலாளி கேட்பது ஒரே கேள்வி: "பழசு போட்டால் நிக்குமா?" விடையில் பாதிதான் பெட்டியின் வயதில் இருக்கிறது. அது எந்த இடத்தில் நிற்கப்போகிறது, செத்துப்போனால் எத்தனை மணி நேரத்தில் மாற்றலாம் என்பதில் மீதிப் பாதி. கொழும்பு இங்கிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் ஏற்றிய பெட்டி விடியத்தான் வந்து சேரும், அதுவும் கடை திறந்திருந்த நாளாக இருந்தால். வெள்ளைக்காரர் நிறைந்த ஓகஸ்ட் மாதச் சனிக்கிழமை இரவு போன சுவிட்சுக்குத் திங்கள் பின்னேரத்துக்கு முன் மாற்று வராது. கொழும்பில் இருப்பவர் எழுதிய ஆலோசனையை அப்படியே இங்கே எடுத்து வைக்க முடியாமல் போவதற்கு இந்தத் தூரமே முதல் காரணம்.

பழையது என்றால் எவ்வளவு பழையது

இந்தச் சொல்லுக்குள் மூன்று தலைமுறை அடங்கும், மூன்றையும் ஒரே கூடையில் போடக்கூடாது. 2005இல் வந்த முதல் 2960களில் பெரும்பாலானவை 100 மெகாபிட் போர்ட் (கேபிள் செருகும் வாய்) உள்ளவை. இனாமாகத் தந்தாலும் வேண்டாம். அக்சஸ் பொயின்ட்டுக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் போகாது, மென்பொருளும் பல வருடங்களாக அனாதை.

2010இல் வந்த 2960-எஸ், 3750-எக்ஸ் இரண்டும் கிகாபிட், கேபிள் வழியே ஒரு போர்ட்டுக்கு 30 வாட் வரை மின்சாரம் தரக்கூடியவை. கையில் எடுத்தால் பாரமாக, உறுதியாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். 3750-எக்ஸுக்கான ஆதரவு 2021இல் முடிந்துவிட்டது, மின்சாரமும் அள்ளிக் குடிக்கும்.

2013இல் வந்தது 2960-எக்ஸ். உற்பத்தியாளர் விற்பனையை 2022 ஒக்டோபர் 31இல் நிறுத்தினார், ஆதரவு 2027 ஒக்டோபர் 31 வரை. பாவித்தது வாங்குவதென்றால் சிஸ்கோவில் இதற்குக் கீழே இறங்காதீர்கள்.

வேறு தயாரிப்பான ஜூனிப்பர் இஎக்ஸ்2200 இதைவிட மலிவாகக் கிடைக்கும். நல்ல பெட்டிதான், ஆனால் கரண்ட் கட் அடிக்கடி வருகிற ஊருக்கு ஏற்றதல்ல. அதற்குள் முழு இயங்குதளமும் கோப்புமுறையும் கணினியில் போல ஓடுகின்றன. ஒழுங்காக நிறுத்தாமல் கரண்ட் போனால் கோப்புமுறை கெடலாம். அப்போது மாற்றுப் பகுதியிலிருந்து எழும்பி, உள்ளே நுழைந்ததும் எச்சரிக்கை காட்டும். 'ரிக்வெஸ்ட் சிஸ்டம் ஸ்னாப்ஷொட் ஸ்லைஸ் ஓல்டர்னேட்' என்ற கட்டளையைக் கொடுத்துச் சரிசெய்யாமல் விட்டால் அடுத்த கட்டில் இரண்டு பகுதியும் போகும். நம்பகமான யூபிஎஸ் இல்லாத இடத்தில் இதைப் போடாதீர்கள். 2960-எக்ஸ் இந்த விஷயத்தில் முரட்டுப் பிள்ளை, எத்தனை தரம் கரண்ட் போய் வந்தாலும் எழும்பும்.

கரண்ட் பில்

நாள் முழுக்க எரியும் ஒவ்வொரு வாட்டும் வருடத்துக்கு 8.76 யூனிட். இதை ஞாபகம் வைத்தால் போதும், மீதி பெருக்கல்தான். 48 போர்ட் 3750-எக்ஸ் ஒன்று வெளியே எதற்கும் மின்சாரம் கொடுக்காமலே 100 வாட்டை ஒட்டி எடுக்கும். 24 போர்ட் 2960-எக்ஸ் 50 வாட் அளவில் நிற்கும். மைக்ரோட்டிக் சிஆர்எஸ்326 25 வாட்டுக்குள் முடித்துவிடும். கமராவுக்கும் அக்சஸ் பொயின்ட்டுக்கும் கொடுக்கும் மின்சாரம் எந்த வழியில் கொடுத்தாலும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை.

3750-எக்ஸுக்கும் சிஆர்எஸ்326க்கும் இடையில் 75 வாட், வருடத்துக்கு 657 யூனிட். யூனிட் 40 ரூபா என்று வைத்தால் 26,280 ரூபா. அந்த வெப்பத்தை வெளியேற்ற ஏசி எடுப்பது தனி. 2960-எக்ஸோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 219 யூனிட்தான்; அதற்காகப் புதியது வாங்குவது கணக்குக்கு வராது.

பில்லைவிட யூபிஎஸ்ஸில்தான் இது சுடும். சாதாரண 650 வீஏ யூபிஎஸ்ஸுக்குள் இருப்பது 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பற்றரி, எழுத்தில் 84 வாட்-மணி. இன்வேட்டர் இழப்பும் வேகமாக இறக்கும்போது பற்றரி காட்டும் கஞ்சத்தனமும் போகக் கைக்குக் கிடைப்பது அதில் பாதியளவு. 50 வாட்டுக்கு முக்கால் மணி ஓடலாம். கமராக்களையும் சேர்த்து 200 வாட் ஏற்றினால் பத்து நிமிடமே பெரிய காரியம். பற்றரி இரண்டு வெயில் கண்டதென்றால் அதுவும் இல்லை.

பிஓஇ: ஏமாறுவது இங்கேதான்

பிஓஇ என்பது வலைக் கேபிள் வழியே மின்சாரம் கொடுக்கும் முறை, அதில் தரம் மூன்று. 2003இன் 802.3ஏஎஃப் ஒரு போர்ட்டில் 15.4 வாட், 2009இன் 802.3ஏடீ 30 வாட், 2018இன் 802.3பிடீ 60 அல்லது 90 வாட். 2960-எக்ஸ் இரண்டாவதோடு நிற்கும். சாதாரணக் கமராவுக்கும் ஐபி தொலைபேசிக்கும் முதலாவது போதும், வைஃபை 6 அக்சஸ் பொயின்ட்டுக்கு இரண்டாவது வேண்டும். மூன்றாவது, சுழலும் பெரிய கமரா, சில உயர்ரக அக்சஸ் பொயின்ட்கள் போன்றவற்றுக்கு. எங்கள் ஹோட்டலுக்கு அது தேவைப்படாது.

போர்ட்டுக்கு எவ்வளவு என்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். பெட்டி முழுவதற்கும் எவ்வளவு என்று கேட்பதில்லை. 2960-எக்ஸின் பெயரிலேயே அது எழுதியிருக்கிறது. 24பிஎஸ் என்றால் 24 போர்ட்டுக்கு 370 வாட். 48எல்பிஎஸ் என்றால் 48 போர்ட்டுக்கும் அதே 370 வாட்தான். 48எஃப்பிஎஸ் என்றால் 740 வாட். எல்பிஎஸ்ஸைக் காட்டி "48 போர்ட்டும் பிஓஇ" என்று விற்பார்கள்; பொய்யில்லை, ஆனால் 48க்கும் ஒரே நேரத்தில் போதாது. கடைசி எழுத்து எஸ் என்றால் நாலு 1 கிகாபிட் எஸ்எஃப்பி (ஃபைபர் இணைப்புக்கான செருகு துளை), டி என்றால் இரண்டு 10 கிகாபிட். எல்எல் என்று முடிந்தால் 64 விலானோடு (ஒரே வலைக்குள் பிரிக்கும் தனித்தனிப் பகுதிகள்) நிற்கும், அடுக்கிக் கட்டவும் முடியாத குறைந்த பதிப்பு.

அடுத்த சிக்கல் இன்னும் நுணுக்கம். சுவிட்ச் ஒரு சாதனத்துக்கு ஒதுக்குவது, அது உண்மையில் எடுப்பதை அல்ல. அது எந்த வகுப்பு என்று அறிவிக்கிறதோ அதை. வகுப்பு 0 அல்லது 3 என்று சொல்லும் கமரா 6 வாட் எடுத்தாலும் 15.4 வாட் ஒதுக்கப்படும். வகுப்பு 2 தொலைபேசிக்கு 7 வாட், வகுப்பு 4 அக்சஸ் பொயின்ட்டுக்கு 30 வாட். இனி ஹோட்டலின் கணக்கைப் பாருங்கள். 16 அக்சஸ் பொயின்ட்டுக்கு 480, 24 கமராவுக்கு 369.6, 8 தொலைபேசிக்கு 56. ஒதுக்கீடு 906 வாட்டுக்குக் கிட்ட. உண்மையில் எரிவது 350 வாட்டைத் தாண்டுவதே அரிது.

இரண்டு 24பிஎஸ்ஸில் இதைப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 453 வாட் கேட்கும், இருப்பது 370. போர்ட்டும் போதாது. மூன்றில் பிரித்தால் ஒன்றில் அதிகபட்சம் ஆறு அக்சஸ் பொயின்ட், எட்டுக் கமரா, மூன்று தொலைபேசி: 180, 123.2, 21, கூட்டினால் 324. அளவாக அமர்ந்துவிடும்.

ஒதுக்கீடு மிஞ்சினால் நடப்பது வேடிக்கையானது. சாதாரண நாளில் எல்லாம் வேலை செய்யும், ஏனென்றால் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றி, சில சாதனங்கள் தங்கள் தேவையைக் குறைத்துச் சொல்லி இடம் விட்டிருக்கும். கரண்ட் போய் வந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பி வரிசை மாறும். இன்று வாகனத் தரிப்பிடக் கமரா இருட்டு, நாளை நீச்சல்தடாகப் பக்கத்து வைஃபை. கமராவை மாற்றுவார்கள், கேபிளை மாற்றுவார்கள், பூசை செய்யாத குறைதான். 'ஷோ பவர் இன்லைன்' கொடுத்துப் பார்த்தால் அந்தப் போர்ட்டுக்கு நேரே பவர்-டினை என்று நிற்கும். கமரா இரவில் அகச்சிவப்பு விளக்கோடும் 7 வாட்டுக்குள் நிற்கிறது என்று அளந்து பார்த்த பிறகு, அந்தப் போர்ட்டில் 'பவர் இன்லைன் கன்சம்ப்ஷன் 7000' என்று கொடுத்தால் ஒதுக்கீடு இறங்கும். பகலில் அளந்து போடாதீர்கள்.

பழைய 24 வோல்ட் பாசிவ் முறையில் ஓடும் அக்சஸ் பொயின்ட்கள் கையிருப்பில் இருந்தால் அவை பழைய சிஸ்கோவிலும் எழும்பாது, புதிய சிஸ்கோவிலும் எழும்பாது. அவற்றின் சொந்த இன்ஜெக்டரோடு (கேபிளில் மின்சாரம் ஏற்றும் தனிப் பெட்டி) விட்டுவிடுங்கள்.

கச்சானும் உப்பும்

மே தொடக்கம் செப்டெம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும் மத்தியானங்களில் வெளியே 35 பாகையைத் தாண்டினால், கதவு பூட்டிய சுவர்ப் பெட்டிக்குள் அதைவிடப் பத்துப் பாகை கூட இருக்கும். 2960-எக்ஸ் 45 பாகை வரை தாங்கும் என்று எழுதியிருப்பது புதுப்பெட்டிக்கு. பத்து வருடம் ஓடிய பெட்டியின் மின்வழங்கியில் உள்ள மின்பகு கபாசிட்டர்களுக்குப் பத்துப் பாகை ஏறினால் ஆயுள் பாதி என்பது பொதுவான கணக்கு. பாவித்த சுவிட்ச் அதிகம் சாவது இந்த மின்வழங்கியில்தான். சிப் அரிதாகவே போகிறது.

இங்கே புதியதற்கு ஒரு உண்மையான அனுகூலம் உண்டு. 2960-எக்ஸின் மின்வழங்கி உள்ளே பொருத்தியது, ஒன்றேதான். போனால் பெட்டியைக் கழற்ற வேண்டும். 9200எல்லில் பின்னால் இரண்டு செருகும் இடம். ஒன்று செத்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுத்து மாற்றலாம். ஆனால் வாங்கும்போது பெட்டியில் வருவது ஒன்று, இரண்டாவதைத் தனியாக ஓடர் பண்ண வேண்டும். விலைப்பட்டியலில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். விசிறி 9200எல்லிலும் நிலையாகப் பொருத்தியதுதான்.

கடலிலிருந்து இருநூறு முந்நூறு மீற்றருக்குள் இருக்கும் கட்டடத்தில் விசிறி என்பது உப்பை உள்ளே இழுக்கும் பம்பு. ஈரமான உப்பு தூசியோடு சேர்ந்து பலகையில் படிந்து கால்களுக்கு இடையில் பச்சை பூக்கும். அத்தகைய இடத்தில் எட்டுப் பத்துப் போர்ட் போதுமென்றால் விசிறியே இல்லாத 2960-சிஎக்ஸ் போன்ற சின்னப் பெட்டி, பாவித்ததானாலும், விசிறியுள்ள புதியதைவிடக் கூடுதல் காலம் இருக்கும். நீச்சல்தடாகப் பம்பு அறையில் சுவிட்ச் வைப்பதை மட்டும் எந்த விலைக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள். குளோரீன் உப்பைவிட மோசம்.

வெளியே ஓடும் கேபிளில் பிஓஇ போகும்போது முனையில் ஈரம் ஏறினால் மின்பகுப்பு நடந்து செம்பு கரையும். சுவிட்சில் போர்ட் பழுது என்று தெரிவதில் பாதி இதுதான். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிள் என்றால் இன்னும் விரைவு. சுவிட்சைக் குறை சொல்வதற்கு முன் 'டெஸ்ட் கேபிள்-டயக்னோஸ்டிக்ஸ் டீடீஆர்' கொடுத்து எந்த இணை எத்தனை மீற்றரில் அறுந்திருக்கிறது என்று பாருங்கள். இந்த வசதி 2960-எக்ஸிலும் உண்டு. மலிவான புதிய பெட்டிகள் சிலவற்றில் இல்லை.

ஒக்டோபர், நவம்பர் இடி மழைக்கு வயது பேதம் கிடையாது. இரண்டு கட்டடத்துக்கு இடையே செம்புக் கேபிள் ஓடினால் புதியதும் கருகும், பழையதும் கருகும். கட்டடங்களுக்கு இடையில் சிங்கிள் மோட் ஃபைபர் போடுங்கள், வேறு பேச்சில்லை. ஒரே இழையில் இரண்டு திசையும் போகும் பைடை எஸ்எஃப்பியும் கிடைக்கிறது. வேறு தயாரிப்பு எஸ்எஃப்பியைச் செருகியதும் சிஸ்கோ போர்ட்டை முடக்கி, காரணம் ஜிபிக்-இன்வலிட் என்று சொல்லும். 'சர்விஸ் அன்சப்போர்ட்டட்-ட்ரான்ஸீவர்' கொடுத்தால் பெரும்பாலும் ஏற்கும்.

பாதுகாப்பு: புதியது என்பதால் மட்டும் இல்லை

பழைய சுவிட்சை எதிர்ப்பவர்கள் முதலில் எடுத்து வீசும் கல் இதுதான், நியாயமான கல். 2018இல் வெளியான ஓட்டை, சுவிட்சைத் தானாக அமைக்கும் ஸ்மார்ட் இன்ஸ்டோல் வசதியில் இருந்தது; 2960 குடும்பம் உட்படப் பல பழைய கேட்டலிஸ்ட்களில் 4786ஆம் வாசலைத் திறந்து வைத்தது. யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து அமைப்பையே மாற்றலாம். மருந்து ஒரு வரி: 'நோ வீஸ்டாக்'. பாவித்த சுவிட்ச் எதுவானாலும் முதலில் கொடுக்கும் கட்டளை இதுவாக இருக்கட்டும்.

2023 ஒக்டோபரில் நடந்தது மறுபக்கம். சிஸ்கோவின் புதிய இயங்குதளமான ஐஓஎஸ் எக்ஸ்இயின் இணையப் பக்க மேலாண்மையில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டை, கடவுச்சொல் இல்லாமலே முழு அதிகாரமுள்ள பயனரை உருவாக்க விட்டது. தீவிரம் பத்துக்குப் பத்து. தாக்கப்படக்கூடியவை கேட்டலிஸ்ட் 9000 போன்ற புதியவை. பழைய ஐஓஎஸ்ஸில் ஓடும் 2960-எக்ஸ் தப்பியது. அதற்காகப் பழையது பாதுகாப்பானது என்று துள்ள வேண்டாம்: புதியதற்குத் திருத்தம் சில நாட்களில் வந்தது, 2027 ஒக்டோபருக்குப் பிறகு 2960-எக்ஸுக்கு எந்தத் திருத்தமும் வராது. எதுவானாலும் 'நோ ஐபி எச்டீடீபீ சர்வர்', 'நோ ஐபி எச்டீடீபீ செக்யூர்-சர்வர்' இரண்டையும் கொடுத்து, மேலாண்மை முகவரியை விருந்தினர் வைஃபை எட்டாத தனி விலானில் வையுங்கள்.

மிகப் பழைய மென்பொருளில் இன்னொரு தொல்லை. சுவிட்சுக்குள் மறைகுறியாக்கத்தோடு நுழையும் வழி எஸ்எஸ்எச். அதற்கான மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச், 2021இல் வந்த 8.8 பதிப்பு முதல், பழைய எஸ்எச்ஏ-1 கையொப்பத்தை இயல்பாக ஏற்பதில்லை. புதிய மடிக்கணினியிலிருந்து பழைய 2960க்குள் நுழைய முடியாமல் "சுவிட்ச் போய்விட்டது" என்று முடிவுகட்டிவிடுவார்கள். சிலர் மறைகுறியாக்கம் இல்லாத டெல்நெட்டைத் திறந்துவிடுவார்கள், அது அதைவிட மோசம். கே9 என்ற எழுத்து இல்லாத மென்பொருளில் எஸ்எஸ்எச்சே கிடையாது.

வரவேற்பறையில் கடவுச்சீட்டுப் பிரதியும் அட்டைக் கொடுப்பனவும் கையாளும் கணினிகள் நிற்கும் சுவிட்சுக்கு ஆதரவு முடிந்த பெட்டி சரிவராது. அட்டைப் பாதுகாப்புக் கணக்காய்வில் திருத்தம் கிடைக்காத சாதனத்துக்கு விளக்கம் சொல்வது புதியது வாங்குவதைவிடக் கஷ்டம்.

பாவித்ததை வாங்கும்போது

முதலில் தொடர் இலக்கம். சிஸ்கோ தொடர் இலக்கத்தில் மூன்று எழுத்துக்குப் பின் வரும் இரண்டு இலக்கத்தோடு 1996ஐக் கூட்டினால் வருடம், அடுத்த இரண்டு வாரம். எஃப்ஓசி1832 என்று தொடங்கினால் 2014ஆம் ஆண்டு 32ஆம் வாரம். 2018க்குப் பிந்தியதைக் கேளுங்கள், அதற்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். ஸ்டிக்கரில் உள்ளதும் 'ஷோ இன்வென்டரி' காட்டுவதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

2960-எக்ஸில் போலியும் உலாவுகிறது. எஃப்-செக்யூர் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ஆய்வில் அத்தகைய போலிகள் இரண்டைப் பிரித்துப் பார்த்தது. அவை பல நாள் ஒழுங்காக வேலை செய்து, மென்பொருளைப் புதுப்பித்ததும் நின்றுபோயிருந்தன. எனவே கடையிலேயே புதிய மென்பொருளை ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். "பிறகு ஏத்தலாம் அண்ணன், இப்ப ஓடுதுதானே" என்று பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போங்கள். பாவித்த சிஸ்கோவுக்கு மென்பொருளை நீங்களாக இறக்க ஒப்பந்தம் கேட்பார்கள் என்பதால், கடையில் ஏறியதுதான் உங்களுக்கு நெடுநாள் கிடைக்கப்போவது என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு 'ஷோ என்வ் ஓல்' கொடுத்து விசிறி, வெப்பம், மின்வழங்கி மூன்றும் ஓகே என்று வருகிறதா பாருங்கள். விசிறிச் சத்தத்தில் கரகரப்பு இருந்தால் பெயரிங் போகத் தொடங்கிவிட்டது. எரிந்த வாசனைக்கு விளக்கம் கேட்காமல் திருப்பிக் கொடுங்கள். ஒவ்வொரு போர்ட்டிலும் நல்ல கேபிள் போட்டு ஒரு பெரிய கோப்பைப் பிரதி பண்ணி, 'ஷோ இன்டர்ஃபேசஸ் கவுன்டர்ஸ் எரர்ஸ்' பாருங்கள். ஒரே எட்டுப் போர்ட் கூட்டத்தில் மட்டும் பிழை எண்ணிக்கை ஏறினால் இடி பட்ட பெட்டியாக இருக்கலாம். பிஓஇயை ஒரு கமராவோடு சோதிப்பது சோதனையே அல்ல. பன்னிரண்டு சாதனமாவது ஒரே நேரத்தில் ஏற்றி 24 மணி நேரம் விடுங்கள். ஏழு நாள் திருப்பும் உத்தரவாதம் எழுத்தில் இருக்கட்டும்.

கடவுச்சொல் தெரியாமல் வந்தால் பயமில்லை. கொன்சோல் கேபிளை 9600 வேகத்தில் போட்டு, மோட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கரண்ட் கொடுங்கள். 'ஃப்ளாஷ்_இனிட்', பிறகு கன்ஃபிக்.டெக்ஸ்ட் கோப்புக்கு வேறு பெயர், பிறகு 'பூட்'. உள்ளே போய் 'ரைட் இரேஸ்' கொடுத்தால் எல்லாம் அழிந்தது என்று நினைப்பதுதான் தவறு. விலான்.டாட் என்ற கோப்பு ஃப்ளாஷில் அப்படியே இருக்கும். அதில் பழைய இடத்தின் வீடீபி (விலான் பட்டியலைச் சுவிட்சுகளுக்கிடையே பரப்பும் முறை) பெயரும் திருத்த எண்ணும் தங்கியிருக்கும். பெயர் பொருந்தி, திருத்த எண் உங்களுடையதைவிடக் கூடியதாக இருந்தால், செருகிய சில விநாடிகளில் உங்கள் ஹோட்டலின் விலான்கள் முழுவதையும் அது தன்னுடையதால் அழித்துவிடும். அந்தக் கோப்பையும் அழித்து, 'வீடீபி மோட் ட்ரான்ஸ்பேரன்ட்' கொடுத்த பிறகே வலையில் செருகுங்கள்.

புதியதின் பின்கதவுச் செலவு

9200எல் வாங்கும்போது டிஎன்ஏ என்ற மென்பொருள் சந்தாவும் மூன்று, ஐந்து அல்லது ஏழு வருடத்துக்குச் சேர்த்தே வாங்க வேண்டும். காலம் முடிந்து புதுப்பிக்காவிட்டாலும் அடிப்படை வேலை நிற்காது. அதற்கான நெட்வேர்க் எசென்ஷியல்ஸ் லைசன்ஸ் நிரந்தரம். எனவே மிகக் குறைந்த சந்தாவைக் கேளுங்கள், விற்பவர் பெரியதைத் தள்ளப் பார்ப்பார். சிஸ்கோவின் இன்னொரு வரிசையான மெராக்கி அப்படியல்ல. அதன் கூட்டுக்கால லைசன்ஸ் முறையில் காலாவதியாகி 30 நாள் சலுகைக்காலமும் கடந்தால் வலையே நிற்கும். பருவகாலத்தில் மட்டும் காசு புரளும் கடலோர விடுதிக்கு அது ஆபத்தான ஒப்பந்தம்.

சந்தா வேண்டாம், சிஸ்கோவும் வேண்டும் என்றால் 2023இல் அறிமுகமான கேட்டலிஸ்ட் 1200, 1300 வரிசைகள் உண்டு. மைக்ரோட்டிக்கில் மென்பொருள் இலவசம், சந்தா இல்லை, விலையும் கைக்கெட்டும். ஆனால் அதன் இயங்குதளமான ரௌட்டர்ஓஎஸ் தெரிந்த ஆள் வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட பிரிட்ஜ் (போர்ட்களை ஒன்றாகச் சேர்க்கும் அமைப்பு) போட்டு விலானைப் பிரிப்பதுதான் அதில் அடிக்கடி நடக்கும் பிழை. சிஆர்எஸ்3 வரிசையில் ஒரு பிரிட்ஜ்தான் சுவிட்ச் சிப்பில் ஓடும், மற்றவை செயலியில் விழுந்து முழு வலையும் நொண்டும். ஒரே பிரிட்ஜ், அதில் விலான் ஃபில்டரிங். அந்த ஃபில்டரிங்கை எல்லாம் அமைத்த பிறகு கடைசியாகத் திறவுங்கள், முந்தினால் நீங்களே வெளியே நிற்பீர்கள்.

இரண்டையும் கலந்தால்

பெரும்பாலான இடங்களில் கலவைதான் வரும். அங்கே ஸ்பானிங் ட்ரீ, அதாவது ஒரு சுவிட்சைத் தலைவனாக்கி வலையில் சுழல் விழாமல் தடுக்கும் முறை, ஒரு குறும்பு செய்யும். முன்னுரிமை எண்ணை யாரும் தொடாவிட்டால் எல்லாப் பெட்டியிலும் 32768. சமமாகும்போது எதன் மாக் முகவரி (தொழிற்சாலையில் பதித்த அடையாள எண்) சிறியதோ அதுவே தலைவன். பழைய பெட்டிகளுக்கே பெரும்பாலும் சிறிய முகவரி. ஆக லட்சக்கணக்கில் கொடுத்துப் புதிய பெட்டியை நடுவில் வைத்தாலும், தோட்டத்து மூலையில் தொங்கும் கிழட்டுச் சுவிட்ச் வலைக்கு அதிபதியாகிவிடும். அதற்குக் கரண்ட் போகும் ஒவ்வொரு தரமும் முழு வலையும் தலைவனைத் தேடும். நடுப்பெட்டிக்கு 4096 என்று முன்னுரிமை கொடுங்கள். சிஸ்கோவின் இயல்பான விலான்-வாரி முறை மற்றத் தயாரிப்புகளோடு அரைகுறையாகத்தான் பேசும் என்பதால் மைக்ரோட்டிக்கோ அரூபாவோ கலந்த வலையில் எல்லாவற்றையும் பொதுத் தரமான எம்எஸ்டீபிக்கு மாற்றி, ஒரே பிராந்தியப் பெயரும் திருத்த எண்ணும் வையுங்கள். விருந்தினர் அறைப் போர்ட்களில் போர்ட்டை உடனே திறக்கும் 'போர்ட்ஃபாஸ்ட்', அங்கே யாராவது சுவிட்சைச் செருகினால் பூட்டும் 'பிபிடியூ கார்ட்' இரண்டும் கட்டாயம்.

நிலாவெளி ஹோட்டலுக்கு

நடுவில் புதியது. ரௌட்டர், கமராப் பதிவுப்பெட்டி, வரவேற்பறை, மூன்று கட்டடத்து ஃபைபர் எல்லாம் சேரும் இடம் அது, செத்தால் முழு ஹோட்டலும் இருட்டு. கணக்காய்வும் உற்பத்தியாளர் ஆதரவும் முக்கியமென்றால் நாலு எஸ்எஃப்பி உள்ள 9200எல் 24டீ-4ஜி, இரண்டாவது மின்வழங்கியோடு. ரௌட்டர்ஓஎஸ் தெரிந்தவர் ஊரிலேயே இருந்தால் 20 எஸ்எஃப்பி, நாலு எஸ்எஃப்பி+, இரட்டை மின்வழங்கி கொண்ட மைக்ரோட்டிக் சிஆர்எஸ்328-4சி-20எஸ். இரண்டில் எங்கள் கை இரண்டாவதை நோக்கித்தான் போகும்: மிச்சமாகும் காசில் நல்ல யூபிஎஸ் வாங்கலாம், இந்த ஊரில் அதுதான் சுவிட்சைவிட அதிகம் வேலை செய்யும்.

ஓரங்களில் பாவித்த 2960-எக்ஸ் 24பிஎஸ் மூன்று, வாங்குவது நாலு. இணைய இணைப்பு 300 மெகாபிட்டே என்றால் கிகாபிட் போர்ட்டுக்கு மேல் விருந்தினருக்கு எதுவும் தெரியப்போவதில்லை. 24 கமரா ஒவ்வொன்றும் 4 மெகாபிட் அனுப்பினாலும் மொத்தம் 96, ஒரு கிகாபிட் ஃபைபரில் பத்தில் ஒரு பங்கு. 2.5 கிகாபிட் போர்ட் வேண்டும் என்று அக்சஸ் பொயின்ட் விற்பவர் சொல்வதை 2027இல், ஓரத்துப் பெட்டிகளை மாற்றும்போது யோசிக்கலாம்.

நாலாவது பெட்டி அலுமாரிக்கு. மற்ற மூன்றின் அமைப்புக் கோப்புகளும் அதன் ஃப்ளாஷில் தனித்தனிப் பெயரில் இருக்கட்டும், மென்பொருளும் அதே பதிப்பு. பொலித்தீன் உறையில் சிலிக்கா ஜெல்லோடு கட்டி, கொன்சோல் கேபிளையும் ஒரு எஸ்எஃப்பியையும் கூடவே வைத்து, மேலே கோப்புப் பெயர்களை மார்க்கரால் எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து ஒரு மணி நேரம் கரண்ட் கொடுத்து விசிறி சுழல்கிறதா என்று பாருங்கள். அதில் ஒரு தரம் ஒக்டோபர் முதல் வாரத்தில், மழை தொடங்குவதற்கு முன் விழட்டும்.